மற்றவை

சி-படிவத்தில் 'நாடு' என்ற கட்டத்தைத் தொட்டால்
ஒரு பட்டியல் சரிந்து விழும்.
அதில் அவர்கள் நாடு இல்லை.
மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன்,
எழுத்துக்கூட்டித் தேடினேன்.
"ஏழு மாசம்தான் ஆகுது" என்றான் லொமாரி,
மடியில் இருக்கும் பிள்ளைக்கு
டிக்கெட் எடுக்கணுமா என்று கேட்கும் கண்டக்டரிடம்
சொல்வதுபோல.

பழைய நாட்டின் பேர் இருந்தது. காட்டினேன்.
அவன் அண்ணன் ஒடேரா தலையை ஆட்டினான்,
ஒரே ஒரு தடவை.
பேச முடியாது அவனுக்கு.
தப்பாகக் கூடிப்போன தாடையை
மறுபடி உடைத்து நேராக்கிக்
கம்பி போட்டிருந்தார்கள் ஆஸ்பத்திரியில்.
முதலில் உடைத்தது யாரென்று நான் கேட்கவில்லை.
பழைய நாட்டுப் பட்டாளம் என்று
நானே நிரப்பிக்கொண்டேன்.
கட்டத்தில் 'மற்றவை' என்று போட்டேன்.
அறை 207. ஏசி இல்லை.

கத்திரி வெயில். பாபுராவ் தெருவில் தார் இளகி
செருப்பைப் பிடித்து இழுக்கும்.
வங்காளி மெஸ்ஸில் வடிகஞ்சி வாங்கி வந்து
ஸ்ட்ராவில் உறிஞ்சுவான் ஒடேரா, ஒரு டம்ளருக்கு ஒரு மணி நேரம்.
பாலாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வந்த தம்பி
"ஆறு எங்கே?" என்றான்.
"பார்த்தீங்களே, அதான்."
"மணல்தானே இருந்தது?"
"பேரு ஆறுதான் சார்."

ஒரு வியாழக்கிழமை, இரவு பத்தே கால்.
படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தான் லொமாரி.
கைபேசியில் ஒரு நீள மேஜை, வரிசையாகக் கொடிகள்,
கடைசிக் கொடியில் மட்டும் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.
அவர்கள் பக்கத்து நாடுகளெல்லாம் கூடி
மனித உரிமைக்கென்று வைத்திருக்கும் அமைப்பில்
இவர்களும் சேர்ந்துவிட்டார்களாம்.
சாசனத்தில் கையெழுத்தும் ஆயிற்றாம்.
இதற்கு என்ன சொல்வது, வாழ்த்தா?
முதலாளி கவுஸ் பாஷாவின் இழுப்பறையில்
ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா இருந்தது.
தம்பி இரண்டு தின்றான்.
அண்ணனுக்குப் பாகை மட்டும்
ஸ்பூனில் வைத்துக் கொடுத்தோம்.

அப்புறம் ஒடேரா அந்தப் படத்தை வாங்கி
இரண்டு விரலால் விரித்தான்.
முகத்தை அல்ல. பேனா பிடித்த கையை.
சுண்டுவிரல் பாதியில் நின்றுபோன கை.
என் பில் புத்தகத்தை இழுத்து
பின்பக்கத்தில் எழுதினான்:
'இந்தக் கை எனக்குப் பழக்கம்.'

லொமாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.
விடுதலைக்கு முந்தின மழைக்காலமாம். காட்டு முகாமாம்.
யார்மேலாவது சந்தேகம் வந்தால்
விசாரிக்கிற வேலை அந்தக் கைக்கு.
"எங்க ஆளுதான்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "எங்க ஆளுதான்."
மின்விசிறிக்குக் கீழே
பேடா டப்பாவின் காகிதம் படபடத்தது.

காலையில் ஒடேரா தனியாக இறங்கி வந்தான்.
எதிர்க் கடையில் மேகலா சாசனம் முழுவதையும்
பிரிண்ட் போட்டாள். முப்பத்தெட்டுப் பக்கம்.
கிழிப்பான் என்று நினைத்தேன்.
நீல அட்டை காட்டி, ஸ்பைரல் போடச் சொன்னான்.

சித்திரவதை கூடாது என்ற பக்கத்தில்
அவன் நிற்கவே இல்லை.
எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே போய்
யாரெல்லாம் புகார் எழுதலாம், எந்த முகவரிக்கு,
என்று இருந்த இடத்துக்கு வந்து
என் பேனாவை வாங்கினான்.
'எவரும்' என்ற சொல்லுக்கு அடியில்
ஒரு கோடு. அதன்மேலேயே இன்னொன்று.

தலைமைத் தபால் நிலையத்தில் கவரை நிறுத்தார்கள்.
அறுபத்திரண்டு கிராம்.
அனுப்புநர் என்ற இடத்தில் அவன் எழுதினான்:
அறை 207, பாபுராவ் தெரு, வேலூர்.
மேலே தன் பேர், முழுசாக, அப்பன் பேரோடு.

நேற்று ஸ்டேஷனிலிருந்து போன்.
"மற்றவைன்னா என்னய்யா?
அப்படி ஒரு நாடு இருக்கா?"
பேரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாக.
அவர் எழுதிக்கொள்வது கேட்டது.
நடுவில் ஓர் எழுத்தை மட்டும்
திரும்பச் சொல்லச் சொன்னார்.